விருந்தாளிக்கு வைத்த கீசர்

டீச்சர்,

இன்று விடியற்காலையில் பால் கவர் கருகும் வாசனை வந்தது. முதலில் மூக்கைக் குத்தும் அந்தக் காரம், பின்னாலேயே தென்னை மட்டை, கடைசியில் புளியம் ஓடு. பல வருடங்களாக இந்த வரிசை மாறாமல் என் சமையலறை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த வாசனை. கையில் காபித் தம்ளரோடு, 'டீச்சர் எழுந்துட்டாங்க' என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் போனது ஐப்பசி மழையில். இது மார்கழி.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் நெஞ்சளவுச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தேன். புகைக்குள் உங்கள் வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது. சுடுதண்ணி அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் உங்கள் ஊதுகுழல். ஊதினார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி ஊதினார். ஆகவே செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் டீச்சர். அவர் அடுப்பு பற்ற வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். இதே சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு நாள் சொன்னீர்கள். "நான் போயிட்டா அவருக்கு ஒண்ணும் ஆவாதுங்க டீச்சர். அவருக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியாது. அதனாலயே நல்லா இருப்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறும் இடம் எனக்குத் தெரியும் என்பதால் நான் சிரிக்காமல் காத்திருந்தேன்.

நம் பள்ளியில் நான் தமிழ், நீங்கள் பி.டி. நான் உங்களை டீச்சர் என்பேன், நீங்கள் என்னை டீச்சர் என்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் நமக்கு வேறு பெயர் அமையவில்லை. நான் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது மைதானத்தில் உங்கள் நீண்ட விசில் கேட்கும். உங்கள் சட்டத்தில் நீண்ட விசிலுக்கு ஒரே பொருள்தான். எங்கே இருக்கிறாயோ அங்கேயே நில். வெளியே ஓடுகிற பிள்ளைகள் நிற்பார்கள். என் வகுப்பில் எழுதுகிற பிள்ளைகளும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். இலக்கணத்துக்கு நான் வாங்கித் தர முடியாத மரியாதை அந்த விசிலுக்கு இருந்தது.

அதே வாய்தான் காலையில் ஊதுகுழலும் ஊதியது. மூச்சை இரண்டு ஷிப்டில் வேலை வாங்கிய ஆள் நம் கடத்தூரில் உங்களைத் தவிர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சமையலுக்கு உங்கள் வீட்டில் காஸ் வந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் குளிக்கிற தண்ணீருக்குக் காஸ் போடுவதை நம் தெரு ஆடம்பரம் என்று கருதியது. உங்கள் வீட்டுக்காரர் அதை உடல்நலக் கேடு என்றே கருதினார்.

"வெறகுல காஞ்ச தண்ணிதாங்க ஒடம்பு வலிய எடுக்கும். கரண்டுல காஞ்சது மேலுல ஊத்துனா சூடு நிக்காது. அப்புடியே வழிஞ்சு போயிரும்" என்று என்னிடம் விளக்கியிருக்கிறார். எல்லாத் தண்ணீரும் வழிந்துதான் போகும் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் தென்னையும் புளியும் வைத்திருப்பவரிடம் விறகைப் பற்றி வாதாட முடியாது.

அந்த அடுப்பும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மட்டை, ஓடு, அறுந்த செருப்பு, பால் கவர், முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகை, என் வகுப்பின் பழைய விடைத்தாள். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தீர்கள். "டீச்சர், உங்க பி செக்சன் பேப்பர் நல்லா எரியுதுங்க. ஏ செக்சன்தான் வெறும் பொகையா வருது. நெறைய எழுதிட்டாளுங்க போல."

"பி செக்சன்ல ஒண்ணுமே எழுதலீங்க. காத்தோட்டமா இருக்கும்" என்றேன்.

இப்படி நாம் பார்த்துச் சிரித்த புகையை எல்லாம் யார் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது தெரியாது. இருமலுக்கு வருடா வருடம் ஒரு பெயர் வைத்தோம். ஒரு வருடம் அது பனி இருமல், அடுத்த வருடம் மைதானத்துத் தூசி. பிறகு ஒரு ஆண்டு விளையாட்டு விழாவில், கோட்டில் பிள்ளைகள் குனிந்து காத்திருக்க, நீங்கள் விசிலை வாயில் வைத்து ஊதினீர்கள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. ஓரத்தில் இருந்த ஒருத்தி உங்கள் கன்னம் உப்புவதைப் பார்த்து நல்லெண்ணத்தில் ஓடத் தொடங்கினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஓடினார்கள்.

"விசில் கெட்டுப்போச்சுங்க" என்றீர்கள். புதிதாக ஒன்று வாங்கினீர்கள். அடுத்த மாதம் அதுவும் கெட்டுப்போனது.

தருமபுரி ஆஸ்பத்திரிக்கு உங்களை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். சின்ன வயது டாக்டரம்மா. நம் மாணவிகளின் வயதுதான் இருக்கும். அதனாலேயே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"சிகரெட் பழக்கம் இருக்குதுங்களாம்மா?"

"என்னப் பாத்தா சிகரெட் குடிக்கறவ மாதிரியா தெரியுது?"

"எல்லாத்துகிட்டயும் கேக்கறதுங்க. வூட்ல யாராவது?"

"அவரு வெத்தல பாக்கோட சரி."

"அடுப்பு?"

"காஸுங்க" என்றீர்கள், முதல் மதிப்பெண் வாங்கியவரைப் போல.

"குளிக்கற தண்ணிக்கு?" என்று கேட்டது நான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பத்துப் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடியிருப்பார்கள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எத்தனை வருடமாக என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து என்றீர்கள். அவர் அதற்கு மேல் சிகரெட்டைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு ஊதுகிற டெஸ்ட். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு உள்ளே ஒரு பெண் கத்துவது வராந்தா முழுக்கக் கேட்டது. "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விடாதீங்க! இன்னும், இன்னும்! கடைசி வரைக்கும்!" நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

"ரிலே ரேஸுக்குக் கத்தற மாதிரி கத்துதுங்க அந்தப் பொண்ணு. நான் இத்தன வருஷம் புள்ளைங்கள எப்படி வெரட்டுனேனோ, அப்படியே எனக்குத் திருப்பி உட்டுடுச்சு."

"ரிசல்ட் என்னாங்க?"

"பி.டி. டீச்சர் ஊதறதுல ஃபெயில். ஸ்கூல்ல சொல்லிராதீங்க."

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "போனது திரும்பி வராதுங்கம்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். மருந்து பாதி, பொகைய விடறது பாதி. மருந்த மட்டும் எடுத்துக்கிட்டு அடுப்புகிட்ட உக்காந்தா ரெண்டும் வீண்." காலையும் மாலையும் இன்ஹேலர். மூச்சு முட்டினாலும் முட்டாவிட்டாலும். எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். கொசுவத்தி வேண்டாம். தூசி பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடுப்பூசி. தினமும் நடை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். தலையாட்டுவதில் நீங்கள் ஃபெயில் ஆனதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்ஹேலர் பீரோவுக்குள் போனது. "அவசரத்துக்கு இருக்கட்டும் டீச்சர். இப்பவே எடுத்துப் பழகிட்டா அப்புறம் அது இல்லாம முடியாதாம்." யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாரும் என்றீர்கள். எனக்குத் தெரிந்து அந்த எல்லாரிலும் ஒருவர்கூட டாக்டர் இல்லை.

உங்கள் வீட்டில் நல்ல பொருளுக்கு ஒரே சட்டம்தான். எவர்சில்வர் தட்டு பீரோவில், வீட்டாருக்கு நெளிந்த அலுமினியம். புதுப் போர்வை பீரோவில், கிழிந்தது கட்டிலில். பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன் விஷயம் தெரிந்து ஒரு கீசர் வாங்கி, ஆளோடு வந்து மாட்டிவிட்டுப் போனபோது, அதுவும் அதே சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டுக்காரர் அதன் பாலித்தீன் உறையைக்கூடக் கிழிக்க விடவில்லை. "விருந்தாளி வந்தா போடலாம்" என்றார். விருந்தாளி வரும்வரை அதன் குழாயில் துண்டு காய்ந்தது. அதிலிருந்து நான்கு எட்டில், டெஸ்டில் ஃபெயில் ஆன நுரையீரலோடு நீங்கள் ஊதுகுழல் ஊதிக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு நாள் காலையில் புகை வரவில்லை. நான் காபியைக் கொட்டிவிட்டுச் சுவருக்கு ஓடினேன். நீங்கள் நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, தம்ளரோடு நிதானமாக நின்றிருந்தீர்கள்.

"என்னாச்சுங்க?"

"லீவு டீச்சர்."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "தண்ணி காயிலியா?"

"மூச்சு இல்லீங்க. கொழலு அங்கதான் கெடக்குது, ஊதிக்கங்க."

அவர் வெளியே வந்தார். ஊதுகுழலைப் பார்த்தார். குளியலறைக்குள் எட்டிக் கீசரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டார். அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது. அன்றிலிருந்து உங்கள் தண்ணீரை நீங்கள் காஸில் காய்ச்சிக்கொண்டீர்கள்; பனியிலும் மழையிலும் அவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். கொள்கையை விட்டுக்கொடுக்காமல் சூட்டை மட்டும் விட்டுக்கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "எவ்ளோ நாளைக்குன்னு பாக்கறேன்" என்றீர்கள். பார்த்துக்கொண்டேயிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைத்த காலத்தை நான் மறக்க மாட்டேன். இன்ஹேலரை பீரோவிலிருந்து எடுத்து இந்தச் சுவரின் மேல் வைத்தீர்கள். நான் காபி குடிக்கும் நேரம் நீங்கள் மருந்தை இழுத்து, கண்ணை மூடிப் பிடித்து, விட்டு, வாய் கொப்பளித்து என் செம்பருத்திச் செடிக்குத் துப்புவீர்கள். அந்தச் செடிக்கு மட்டும் மூச்சுத் தொல்லை வராது என்பீர்கள். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் நடந்தோம். உதட்டைக் குவித்து, மெழுகுவத்திச் சுடர் அசையணும் ஆனா அணையக் கூடாது என்பதுபோல மெதுவாக மூச்சை விடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கிழவிகள் எதையோ ஊதிக்கொண்டே நடப்பதைப் பார்த்து ஊரில் என்ன நினைத்தார்களோ. முதலில் பாதி மைதானம், பிறகு முழு மைதானம். இருமல் போய்விடவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடிக்க உங்களால் முடிந்தது. வாக்கியங்களோடு காலம் தள்ளிய எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களிடம் சொன்னதில்லை.

சித்தேரி மலைக்குப் போனோமே, நம் பழைய மாணவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று. பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்கு ஏறும் மேட்டில் இரண்டு முறை நின்றீர்கள், உட்காரவில்லை. அவள் சந்தோஷத்தில் மடியில் குழந்தையோடு அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்து நமக்குக் காபி போடத் தொடங்கினாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

"மொதல்ல பாப்பாவ வெளிய குடு" என்றீர்கள் வாசலில் நின்றபடி.

"ரெண்டே நிமிசந்தான் மிஸ்."

"நானும் ரெண்டே நிமிசம்னுதான் தெனமும் உக்காந்தேன். இப்ப மேட்டுல நின்னு நின்னு வரேன் பாரு. அதுக்கு நுரையீரல் இன்னும் புதுசு. குடு இப்படி."

"பொகையில்லாம எப்படிங்க மிஸ் காபி?"

"எனக்குக் காபியே வேண்டாம். அடுப்பத் தூக்கி வாசல்ல போடு. காஞ்ச வெறகாப் பாத்துப் போடு. பிளாஸ்டிக்கு, கவரு எதுவும் உள்ள வெக்காத. பாப்பா அந்தப் பக்கமே வரக் கூடாது. நில்லுன்னா நிக்கணும், தெரியுமில்ல?"

அவள் தெரியும் மிஸ் என்று சிரித்துக்கொண்டே அடுப்பை வெளியே இழுத்தாள். அந்தக் காபியை நாம் வெட்ட வெளியில் குடித்தோம். திரும்பி வரும் பஸ்ஸில், ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து கழற்றாமலே வைத்திருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள்.

"ஒண்டியா இருக்கறீங்க டீச்சர். ஏதாச்சும்னா ஊதுங்க, வந்துர்றேன்."

"ஃபோன் இருக்குதுங்களே."

"ஃபோன அவரு எடுப்பாரு. விசிலுக்கு நான் வருவேன்."

அதை நான் ஒரு முறையும் ஊதவில்லை. ஏதாவது அவசரம் வரட்டும் என்று ஜன்னல் ஆணியில் மாட்டி வைத்தேன். உங்கள் வீட்டுச் சட்டம் சுவர் தாண்டி எனக்கும் வந்திருந்தது.

ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் இறங்கியது. மருந்தை நீங்கள் விட்டிருக்கவில்லை, தடுப்பூசி போட்டிருந்தீர்கள், அடுப்பு அணைந்து கிடந்தது. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர்களுக்கும் ஒரு ஐப்பசி வந்துவிடுகிறது. டாக்டரம்மா என்னிடம் சொன்னார். "அடுப்ப விடாம இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குங்க. இந்த நாளெல்லாம் அவங்களே சேத்து வெச்சது." அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டேன். ஆறுதலை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மழையோடு மழையாக உங்களை அனுப்பிவிட்டு வந்தவர்கள் குளிக்க வேண்டியிருந்தது. பெங்களூர், சேலம், ஓசூர் என்று வீடு நிறைய ஆள். உங்கள் மகன் ஒரு கத்தியால் கீசரின் உறையைக் கிழித்தான். வரிசையில் நின்று குளித்தார்கள். "நல்லா சூடா வருதே, எப்ப போட்டது?" என்று ஒரு அத்தை ஈரத்தலையோடு கேட்டாள். உங்கள் வீட்டுக்காரர் தரையில் கிடந்த உறையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். கடைசியில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் டீச்சர்.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். மகன் கூடவே வரச் சொல்லிக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. அடுத்த நாள் அவர் கீசரைத் துணியால் துடைத்து, ஒரு பெரிய பாலித்தீன் பையை அதன் மேல் மாட்டி, ரப்பர் பேண்ட் போடுவதைத் திறந்திருந்த குளியலறைக் கதவு வழியாக என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு பச்சைத் தண்ணீர். ஆனால் அந்தச் சத்தம் மட்டும் போடவில்லை. கேட்க ஆள் இல்லாமல் அந்தச் சத்தத்தைப் போட முடியாதுபோல.

எனக்கும் காலைகள் அப்படித்தான் போயின. நீங்கள் அடுப்பை விட்ட பிறகு உங்கள் இருமல் கேட்டு நீங்கள் எழுந்ததைத் தெரிந்துகொள்வேன். இப்போது இருமலும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பனியும் செம்பருத்தியும் மட்டும் வருகின்றன. சுத்தமான காற்று இவ்வளவு ஆளில்லாமல் இருக்கும் என்று எந்த டாக்டரும் எச்சரிக்கவில்லை.

அதனால்தான் இன்று புகை வந்ததும் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அவர் இருமும்வரைதான். அது உங்கள் முதல் வருடத்து இருமல். நாம் பனி இருமல் என்று பெயர் வைத்தது. ஜன்னல் ஆணியிலிருந்து விசிலை எடுத்து, சுவருக்கு வந்து ஊதினேன். எனக்கு ஊதத் தெரியாது. இருந்தாலும் நீண்டுதான் வந்தது.

ஊதினால் வருவேன் என்றீர்கள். அவர்தான் வந்தார்.

குழல் கையிலேயே இருக்க, எழுந்து, அப்படியே நின்றார். உங்கள் விசில் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சுவரருகே வந்தார்.

"அவ விசிலுங்களா அது?"

"ஆமாங்க. என்னங்க பண்றீங்க? கீசரு இருக்குது. கொஞ்ச நேரம் சுச்சப் போட்டா சுடுதண்ணி."

அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் அடுப்பைப் பார்த்தேன். தீ எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் அண்டா இல்லை. அது கழுவிக் கவிழ்த்தபடி சுவரோரம் கிடந்தது.

"தண்ணியே வெக்கலீங்களே?"

அவர் அண்டாவைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணிக்கு இல்லீங்க டீச்சர். வூடு வெறிச்சுன்னு கெடக்குது. கொஞ்சம் பொகை வந்தா ஆளு இருக்கற மாதிரி இருக்குமேன்னு."

நானும் அந்தப் புகைக்குத்தான் சுவருக்கு ஓடி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "டீச்சரம்மா இருந்தா உங்கள மைதானத்தச் சுத்தி ஓட உட்டிருப்பாங்க" என்றேன்.

"உட்டிருப்பா" என்றார். ஒரு முறை இருமினார். "விருந்தாளி வந்தா போடறதுன்னு வெச்சிருந்தேன். இந்த வூட்ல இப்ப நானே விருந்தாளி மாதிரிதாங்க இருக்கறேன்."

"அப்பறம் என்னங்க. போட்டுக்குங்க."

செம்பில் தண்ணீர் மொண்டு அடுப்பில் ஊற்றினார். கடைசிப் புகை ஒன்று எழுந்து சுவர் தாண்டிப் போனது. உள்ளே போகத் திரும்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு வந்து ஊதுகுழலைச் சுவர் மேல் வைத்தார். நீங்கள் இன்ஹேலர் வைக்கும் இடம். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். இங்க கெடந்தா கை போவும்" என்றார். சற்று நேரத்தில் பாலித்தீன் பையை உருவும் சரசரப்பும், சுவிட்ச் போடும் சத்தமும் கேட்டன. அந்த இருமலைத் தருமபுரியில் காட்டாமல் விட மாட்டேன். வரும் வாரம் அவரை பஸ்ஸில் ஏற்றப்போகிறேன். டாக்டரம்மா கேட்கும்போது அவருக்குப் பதிலாக உண்மையைச் சொல்ல நான் இருக்கிறேன்.

இப்போது உங்கள் விசிலும் ஊதுகுழலும் என் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இதை எழுதத் தொடங்கும் முன் இரண்டையும் ஊதிப் பார்த்தேன் டீச்சர். விசிலில் சத்தம் வந்தது. குழலில் என் மூச்சு மட்டும் அந்தப் பக்கம் போனது.